ஒரு பைசாவும் ஆறாயிரம் கோடியும்

1907 ஜூன் 19இல் இராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் கொண்டுவந்த வார இதழின் விலை அதன் பெயரிலேயே இருந்தது: 'ஒரு பைசாத் தமிழன்'. கூலிக்காரன் கைக்கும் எழுத்து போய்ச் சேரணும் என்பதே கணக்கு. 1914இல் அவர் மறைந்தார். பல்கலைக்கழகங்கள் நெடுங்காலம் கண்டுகொள்ளவில்லை; பழைய இதழ்களைப் பாதுகாத்தவர்கள் நம்ம சனங்கள்தான். அப்படித் தேடிச் சேர்த்தவற்றை 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்துப் பாளையங்கோட்டையிலிருந்து வெளிவரச் செய்தார்.

இன்று அதே பண்டிதரைப் பற்றிய ஆய்வுகள் பல, டாலர் கேட்கும் ஆங்கில ஆய்விதழ்களுக்குள் கிடக்கின்றன. 2024 நவம்பரில் 'ஒரே நாடு ஒரே சந்தா' என்று மத்திய அரசு மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. யாருக்கு? முதலில் அரசு உயர்கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு. சிறுசேரிப் பக்கம் தனியார் கல்லூரியில் கடன் வாங்கிப் படிக்கும் சேரிப் பிள்ளையும், எந்த வளாகத்தையும் சேராத நானும் அந்தக் கணக்கில் வரவில்லை.