அந்தரகங்கையும் பிடாரியாரும்

பெங்களூரிலிருந்து சுமார் 70 கி.மீ. தொலைவிலுள்ள கோலாருக்குக் குடும்பத்துடன் சென்றிருந்தோம். சதச்ருங்க மலையில் மரநிழலில் படியேறினால் சிறிது நேரத்தில் காசி விசுவநாதர் சன்னதி. கல் நந்தியின் வாயிலிருந்து அந்தரகங்கை தீர்த்தம் விழுகிறது. வயதானவர்களும் நிதானமாக ஏறலாம். குரங்குகளிடம் மட்டும் ஜாக்கிரதை!

பலரும் இத்துடன் திரும்பிவிடுகிறார்கள். ஊருக்குள் இருக்கும் கோலாரம்மன் கோயிலையும் அவசியம் சேவியுங்கள். கங்கர்களின் பழைய தலைநகரான குவளாலபுரம் இதுவே. 1004-ஐ ஒட்டிச் சோழர்கள் கங்கபாடியைப் பிடித்த பின், இப்பகுதி நிகரிலிசோழ மண்டலமாயிற்று. ராஜேந்திர சோழன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகளில் அம்பாளின் பெயர் பிடாரியார்.

பெங்களூரிலேயே வளர்ந்த என் பேரன், "இது என்ன பாஷை, தாத்தா?" என்று கேட்டான். "நம் பாஷைதான்டா" என்றேன். "அப்போ படிச்சுக் காட்டு" என்றான். ஓரிரு எழுத்துகளுக்கு மேல் என்னாலும் படிக்க முடியவில்லை.