செங்கல்லின் மேல் ஒரு சத்தியம்

பழைய அரண்மனை என்றால் அதற்கொரு பேய்க்கதை இருந்தே தீரும் என்பது உலகெங்கும் நிலவும் எதிர்பார்ப்பு. தானாகத் திறக்கும் கதவு, நள்ளிரவுச் சலங்கையொலி, தாழ்வாரத்தில் கடந்துபோகும் வெள்ளைச் சேலை ஆகியவை அக்கதைகளின் வாடிக்கைச் சரக்குகள். அவற்றை நம்புவதா மறுப்பதா என்பது இலக்கியம் பயில்வோருக்கு முதன்மையான கேள்வி அன்று. ஒரு கட்டடத்தைப் பற்றி ஓர் ஊர் ஏன் தலைமுறை தலைமுறையாக ஒரே கதையைச் சொல்லி வருகிறது, அந்தக் கதை யார் பக்கம் நின்று பேசுகிறது என்பதே கேட்கத்தக்கது. திருச்சிராப்பள்ளிக் கோட்டையின் நாயக்கர் அரண்மனையையும், அக்கோட்டையில் உயிர்விட்ட கடைசி அரசியையும் பற்றிய வழக்குகளை இந்தக் கண்கொண்டு பார்க்கலாம்.

அதற்கு முன்பு, நம் மரபில் பேய் என்பது எதற்காக வருகிறது என்று சற்றே நினைவுபடுத்திக் கொள்வது நல்லது. தமிழின் புகழ்பெற்ற பேய்க்கதை பழையனூர் நீலியினுடையது. முற்பிறவியில் கணவனால் கொல்லப்பட்டவள் நீலி. மறுபிறவியில் வணிகனாகப் பிறந்த அவனைத் தேடி, கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, மனைவி வேடத்தில் வருகிறாள். பழையனூர் வேளாளர் எழுபது பேர், அவனுக்குத் தீங்கு நேர்ந்தால் தம் உயிரைத் தருவதாக வாக்களிக்கிறார்கள். விடியுமுன் அவன் கொல்லப்படுகிறான். எழுபது பேரும் சொன்ன சொல் தவறாமல் தீயில் இறங்குகிறார்கள். இந்தக் கதையில் அச்சத்தை ஊட்டுவது நீலி. ஆனால் கதையின் உயிர் கொடுத்த வாக்கில் இருக்கிறது. தீராத கணக்கு ஒன்றைக் கேட்டு வருவதே நம் ஊர்ப் பேயின் இயல்பு எனலாம். திருச்சிக் கதையும் கொடுத்த வாக்கைப் பற்றியதுதான். அங்கே வாக்குக் காக்கப்படவில்லை என்பதே வேறுபாடு.

மலைக்கோட்டையின் அடிவாரத்தில், கடைவீதிகளின் நெரிசலுக்கு நடுவே, குவிமாடத்தோடு கூடிய தர்பார் மண்டபம் ஒன்று இன்றும் நிற்கிறது. இராணி மங்கம்மாள் மகால் என்பது அதன் பெயர். அரசு அருங்காட்சியகம் இப்போது அங்கே இயங்குகிறது. மங்கம்மாளின் பெயரைத் தாங்கினாலும் அதைக் கட்டியவர் அவர் கணவர் சொக்கநாத நாயக்கர் (1659–1682). மதுரையிலிருந்து தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியவர் அவர். மதுரைத் திருமலை நாயக்கர் மகாலின் பகுதிகளைப் பிரித்துக் கொணர்ந்தே திருச்சி அரண்மனையை எழுப்பினார் என்ற பேச்சு நெடுநாளாக உண்டு. பின்னர் பேரனுக்காக 1689 முதல் 1706 வரை ஆட்சியை நடத்திய மங்கம்மாள், சாலைகளாலும் சத்திரங்களாலும் மக்கள் மனத்தில் இடம்பிடித்தார். உணவை எதிரே வைத்துப் பட்டினி போட்டே அவரைக் கொன்றார்கள் என்ற கொடுங்கதையும் அவரைச் சுற்றி எழுந்தது. ஆக, அவருக்குக் கதையும் கிடைத்தது, கட்டடத்தின் பெயரும் கிடைத்தது. அவர் பேரன் விஜயரங்க சொக்கநாதரின் மனைவி மீனாட்சிக்குக் கதை மட்டுமே எஞ்சியது.

விஜயரங்க சொக்கநாதர் 1732-இல் ஆண் வாரிசின்றி மறைந்தார். மீனாட்சி ஆட்சியை ஏற்றார். அரச குடும்பத்தின் இன்னொரு கிளையைச் சேர்ந்த பங்காரு திருமலையின் மகனைத் தத்தெடுத்துக் கொண்டார். ஆயினும் பங்காரு திருமலைக்கு அரியணையே வேண்டியிருந்தது. உறவினர் இருவரின் பூசல் வெளியாரை உள்ளே அழைத்தது. ஆர்க்காட்டு நவாபு தோஸ்து அலியின் மகன் சப்தர் அலியும், மருமகன் சந்தா சாகிபும் 1734-இல் படையோடு தெற்கே வந்தார்கள். பங்காரு திருமலை சப்தர் அலியின் துணையை விலைபேசினார். அரசி சந்தா சாகிபை நாடினார். ஒரு கோடி ரூபாய் பேசப்பட்டதாக வரலாற்று நூல்கள் கூறும். அரசிக்குத் தீங்கு செய்வதில்லை என்று சந்தா சாகிபு திருக்குர்ஆனைத் தொட்டுச் சத்தியம் செய்தார். அந்தச் சத்தியம் தளவாய் மண்டபத்தில் நடந்தது என்பது மரபு.

1736-இல் அவர் மீண்டும் வந்தபோது கோட்டைக் கதவுகள் அவருக்குத் திறந்தன. சில காலத்திற்குள் படை அவர் கையில், கருவூலம் அவர் கையில், அரசி சிறையில். மீனாட்சி நஞ்சருந்தி உயிர்விட்டார். இரண்டு நூற்றாண்டுகள் நீடித்த மதுரை நாயக்கர் ஆட்சி அவரோடு முடிந்தது.

இங்கேதான் ஊர் வாய் குறுக்கிட்டு ஒரு திருத்தம் செய்கிறது. சந்தா சாகிபு தொட்டது குர்ஆனே அன்று. பளபளக்கும் பட்டுத்துணியில் சுற்றிய ஒரு செங்கல் என்கிறது அது. மீனாட்சியின் கதையைச் சொல்வோர் பலர் இந்தச் செங்கல்லையும் சொல்வார்கள். துணியைப் பிரித்துப் பார்த்தவர் யார், செங்கல் எப்போது வெளிப்பட்டது என்பதையெல்லாம் கதை கேட்பதில்லை. அதன் அக்கறை வேறு.

செங்கல் எதற்காகத் தேவைப்பட்டது? அரசியை ஏமாற்றியவனின் கொடுமையைக் காட்டுவதற்கு மெய்யான நூலின் மேல் செய்த பொய்ச் சத்தியமே போதும். இன்னும் சொன்னால் அதுவே பெரிய பாவம். வேதநூலைத் தொட்டுப் பொய் சொன்னான் என்பதைவிடச் செங்கல்லைத் தொட்டு ஏமாற்றினான் என்பது ஒருவகையில் குற்றத்தைக் குறைக்கவும் செய்கிறது. அப்படியிருந்தும் ஊர் செங்கல்லையே தேர்ந்தது. ஏனெனில் செங்கல் வந்த கணத்தில் நூலின் மேல் படியவிருந்த கறை நீங்கிவிடுகிறது. அந்த நூலைத் தொட்டிருந்தால் சந்தா சாகிபால் சொல் தவறியிருக்க முடியாது என்பது கதையின் உள்ளார்ந்த நம்பிக்கை. ஆகவேதான் அவன் அதைத் தொடாமல் தந்திரம் செய்ய வேண்டியிருந்தது. ஒரு சமயத்தின் புனித நூலை அச்சமயம் சாராதவர்களும் இவ்வளவு மதிப்போடு காத்துநின்ற கதை இது. நத்தர்வலி தர்காவில் எல்லா மதத்தவரும் நேர்ந்துகொள்ளும் ஊரில் இப்படியொரு கதை உருவானது வியப்புக்குரியதன்று.

கதையின் மறுபாதி பதினாறு ஆண்டுகள் கழித்து வருகிறது. இடையில் சந்தா சாகிபு பட்டது கொஞ்சமன்று. 1741-இல் மராத்தியர் திருச்சியைப் பிடித்து அவரைச் சதாராவுக்குச் சிறைக்கைதியாகக் கொண்டு சென்றனர். விடுதலை பெற்றுத் திரும்பியவர் பிரெஞ்சுக்காரர் துணையோடு 1749-இல் ஆம்பூர்ப் போரில் நவாபு அன்வருதீனை வீழ்த்தினார். அன்வருதீனின் மகன் முகமது அலி ஓடி ஒளிந்த இடம் திருச்சிக் கோட்டை. ஆங்கிலேயர் முகமது அலிக்குத் துணைநின்றனர். 1751-இல் சந்தா சாகிபும் பிரெஞ்சுப் படையும் கோட்டையை முற்றுகையிட்டனர். ஆனால் 1752-இல் நிலைமை தலைகீழானது. முற்றுகையிட்டவர்களே காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட தீவில், திருவரங்கத்தையும் திருவானைக்காவையும் கோட்டைகளாகக் கொண்டு, ஒடுங்க நேர்ந்தது. பிரெஞ்சுத் தளபதி லா சரணடையும் நிலைக்கு வந்தார்.

சந்தா சாகிபு தப்பிக்க ஒரே வழி, எதிரணியில் ஒருவரை விலைக்கு வாங்குவது. தஞ்சைப் படைத்தலைவர் மானோஜி இணங்கினார். பாதுகாப்பாக அனுப்பிவைப்பதாகத் தம் வாளையும் குறுவாளையும் தொட்டுச் சத்தியம் செய்தார் என்று அக்காலப் போர்களை எழுதிய ராபர்ட் ஓர்ம் பதிவு செய்கிறார். நம்பி வந்த சந்தா சாகிபு உடனே விலங்கிடப்பட்டார். கைதி யாருக்கு என்று முகமது அலி, மைசூரார், மராத்தியர், ஆங்கிலேயர் ஆகியோரிடையே பூசல் எழ, 1752 ஜூனில் மானோஜி அவர் தலையை வெட்டச் செய்தார். வெட்டுண்ட தலை முகமது அலியிடம் சேர்ந்தது. கோட்டை மதிலைச் சுற்றிலும் ஒட்டகத்தில் கட்டிக் காட்டப்பட்டது.

அவர் கொல்லப்பட்ட இடம் எது? மீனாட்சிக்குப் பொய்ச் சத்தியம் செய்த அதே தளவாய் மண்டபம் என்றது ஊர். இந்தச் செவிவழிச் செய்தி 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர் எழுதிய வரலாற்று நூல்களிலும் ஏறிவிட்டது. சிலப்பதிகாரம் படித்த சமூகத்துக்கு இந்த முடிவு புதிதன்று. அரசன் செய்த பிழைக்கு அறமே கூற்றுவனாக வரும் என்பதை நாம் நெடுங்காலமாக நம்பி வந்திருக்கிறோம். நீலியைப்போல் மீனாட்சி எழுந்துவந்து பழிகேட்கத் தேவையில்லாமல், அந்த மண்டபமே கணக்கைத் தீர்த்துவிட்டதாகக் கதை சொல்கிறது.

இதே உலகில் வேறுவிதமாகச் செல்லும் கதைகளும் உண்டு. அமெரிக்காவின் தென்மாநிலமான லூயிசியானாவில் மிர்ட்டில்ஸ் என்னும் பழைய தோட்டமாளிகை இருக்கிறது. 1790களில் எழுந்த அம்மாளிகையில் க்ளோயி என்ற அடிமைப்பெண்ணின் ஆவி உலவுவதாகச் சொல்லிச் சுற்றுலாப் பயணிகளை ஈர்க்கிறார்கள். எசமானின் குடும்பத்துக்கு நஞ்சு கலந்த பண்டத்தைக் கொடுத்துக் கொன்றவள் அவள் என்பது கதை. அப்படியொரு பெண் இருந்ததற்கு ஆவணச் சான்றே இல்லை என்பர் ஆராய்ந்தோர். அடிமைகளின் உழைப்பில் எழுந்த மாளிகையில், அடிமைப்பட்டவளே கொலைகாரியாக உலவுகிறாள். திருச்சிக் கதையில் நஞ்சு உண்டவள் உண்டவளாகவே இருக்கிறாள். வஞ்சித்தவன் வஞ்சித்தவனாகவே இருக்கிறான். பேய்க்கதை யார் பக்கம் பேசுகிறது என்று தொடக்கத்தில் கேட்டது இதனால்தான்.

எனினும் ஊர்க்கதை தீர்த்துவைத்த கணக்கு முழுக் கணக்கு அன்று. வாளைத் தொட்டுச் செய்த சத்தியத்தை மீறிய மானோஜிக்கு எந்த மண்டபமும் தண்டனை தரவில்லை. அதே ஆண்டில் மூன்றாவது வாக்கு ஒன்றும் முறிந்தது. தமக்கு உதவ வந்த மைசூராருக்குத் திருச்சிக் கோட்டையையே தருவதாக முகமது அலி உடன்பட்டிருந்தார். வெற்றி கிடைத்ததும் கொடுக்க மறுத்தார். அதனால் போர் மேலும் இரண்டு ஆண்டுகள் நீண்டது. அந்தப் போரில் சூறையாடப்பட்ட வயல்களுக்கும் ஊர்களுக்கும் பெயர் சொல்லி அழும் கதை எதுவும் இல்லை. யாவரையும் வென்றவர்கள் ஆங்கிலேயர்கள். 1801-இல் அவர்கள் கர்நாடகப் பகுதி முழுவதையும் எடுத்துக்கொண்டது சத்தியத்தால் அன்று. எழுதிக் கையெழுத்திட்ட உடன்படிக்கையால்.

ஆற்றுக்கு அக்கரையில் திருவரங்கமும் இப்படியொரு பெண்ணைக் கட்டடத்தோடு சேர்த்து நினைவில் வைத்திருக்கிறது. 1323-இல் தில்லிப் படை கோயிலைச் சூறையாடியபோது நேர்ந்த பேரழிவைக் கோயிலொழுகு விரித்துரைக்கும். அக்காலத்தில் வெள்ளையம்மாள் என்ற தேவரடியார், படைத்தலைவனை மயக்கிக் கிழக்குக் கோபுரத்தின் உச்சிக்கு அழைத்துச் சென்று தள்ளிக் கொன்று, தானும் குதித்து மாண்டாள் என்பது வழக்கு. அவள் நினைவாகவே அது வெள்ளைக் கோபுரமாயிற்று என்பார்கள். பலவண்ணக் கோபுரங்களுக்கிடையே அது மட்டும் வெண்மையாக நிற்கிறது. அதே கோயிலுக்குள் விஜயரங்க சொக்கநாதரும் அவர் அரசியும் கைகூப்பி நிற்கும் ஆளுயரச் சிலைகள் உள்ளன. பெருமாளைச் சேவிக்க விரையும் கூட்டத்தில் அந்த அரசியை நின்று பார்ப்பவர் சிலரே.

வெள்ளையம்மாள் கதையையும் மீனாட்சி கதையையும் இன்று இரு மதங்களின் பகைக்குச் சான்றாகச் சுருக்கிச் சொல்லும் வழக்கம் பெருகிவருகிறது. மீனாட்சி கதையைப் பொறுத்தவரை அந்தச் சுருக்கத்தை ஏற்க இடமில்லை. அரசிக்கு முதல் பகைவர் அவருடைய சொந்தக் குடும்பத்தவர். சந்தா சாகிபைச் சத்தியம் செய்து ஏமாற்றியவர் மராத்தியர். அவர் தலையைக் கண்டு மகிழ்ந்தவர் அவருடைய மதத்தையே சேர்ந்த முகமது அலி. எல்லாவற்றுக்கும் மேலாக, குர்ஆனின் மதிப்பைக் காக்க ஒரு செங்கல்லைக் கண்டுபிடித்துக் கொடுத்தது ஊரார்தம் கற்பனை. செங்கல்லை நீக்கிவிட்டு இக்கதையைச் சொல்பவர், முன்னோர் சொன்ன கதையைச் சொல்லவில்லை, வேறொன்றைச் சொல்கிறார்.

சந்தா சாகிபின் உடல் நத்தர்வலி தர்காவில் அடக்கம் செய்யப்பட்டது. 1795-இல் சென்னையில் இறந்த முகமது அலியின் உடலும் திருச்சிக்குக் கொண்டுவரப்பட்டு அதே தர்காவில் அடங்கியது. ஒரு கோட்டைக்காக வாழ்நாளெல்லாம் பொருதவர்கள் ஒரே கூரையின் அணைப்பில் கிடக்கிறார்கள். மதில்கள் இடிந்துவிட்டன, மெயின்கார்டு கேட் மட்டும் கோட்டை இருந்ததைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. மீனாட்சிக்குச் சமாதி இல்லை, அவர் பெயரில் மகாலும் இல்லை. அருங்காட்சியகத்தைக் காணச் செல்லும் பள்ளிப் பிள்ளைகளுக்கு மங்கம்மாளைச் சொல்லும்போது, மீனாட்சியையும் துணியில் சுற்றிய அந்தச் செங்கல்லையும் சேர்த்துச் சொல்லலாம். அதைச் சொல்ல ஒரு பேய் வரவேண்டிய தேவையில்லை.