ரெண்டு பேருக்கு ஒரு மேசை

மடவளையில் ரெண்டு பேர் வெளியே போய்ச் சாப்பிடுறதுக்கு யோசிக்கவே தேவையில்லை. கொத்து போடுகிற சத்தமே கூட்டிக்கொண்டு போய்விடும். ஆனால் அந்த ரெண்டு பேரும் மரக்கறி மட்டும் சாப்பிடுகிற ஜோடி என்றால்? மகாவலியைத் தாண்டிக் கண்டிக்குள் போக வேண்டியதுதான். வாவிக்கரையில் ஒரு குடைக்குள் கொஞ்ச நேரம் கதைத்துவிட்டு, டி. எஸ். சேனநாயக்க வீதியில் இருக்கிற பாலாஜி தோசை மாதிரி ஒரு கடைக்குள் நுழைந்தால் மசாலா தோசை, சட்னி, சாம்பார். மெழுகுவர்த்தி கிடையாது, வயலின் கிடையாது. ஆனாலும் அது காதலர்களின் டின்னர்தான். இப்படி ரெண்டு பேர் ஒரு மேசையில் எதிரெதிரே உட்கார்வதற்கு எத்தனை காலம் பிடித்தது என்று தேடிப் பார்த்தபோது எங்களுக்கே ஆச்சரியமாக இருந்தது.

பெயரிலிருந்தே தொடங்கலாம். சிங்கள நண்பர்கள்கூட 'சைவர் கடே' என்றுதான் சொல்கிறார்கள். இலங்கைத் தமிழில் சைவம் என்றால் சமயமும்தான், மரக்கறிச் சாப்பாடும்தான். இந்த ரெண்டையும் இறுக்கிக் கட்டியதில் 19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலருக்குப் பெரிய பங்கு உண்டு. கோயிலில் பலி கொடுப்பதை எதிர்த்தார், புலால் கூடாது என்று எழுதினார். சாதி ஒழுங்கை மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. தட்டில் என்ன இருக்கு என்ற கேள்வியோடு, பக்கத்தில் யார் இருக்கிறார் என்ற கேள்வியும் ஒட்டிக்கொண்டே வந்தது.

அடுத்தது கடைப் பெயர்களில் வருகிற 'லொட்ஜ்'. கொழும்பு பம்பலப்பிட்டியில் இருக்கிற சரஸ்வதி லொட்ஜை யாருக்குத்தான் தெரியாது? தோசைக் கடைக்கு ஏன் லொட்ஜ்? யாழ்ப்பாணத்திலிருந்து அரசாங்க உத்தியோகத்துக்கு வந்த ஆண்கள் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு, சம்மறி என்கிற பகிர்வு வீடுகளிலும் அறைகளிலும் தங்கினார்கள். மாதம் முடிந்தால் மணியோடர் ஊருக்குப் போகும். மனிசி சமைக்காத அந்த ஊரில் வீட்டுச் சாப்பாடு மாதிரி ஒன்று வேண்டும். சைவக் கடையை வளர்த்தது பெரும்பாலும் இந்தத் தனி ஆண்களின் பசி. மேசையில் ஆள் மாறி ஆள் உட்காருவார்கள், ஐந்து நிமிடத்தில் சாப்பிட்டு எழும்புவார்கள். அங்கே ஒரு பெண் வந்து ஆறுதலாக உட்கார்ந்து கதைப்பது யாருடைய கணக்கிலும் இல்லை. பிறகு பெண்கள் வரத் தொடங்கியபோது, ஒரு மூலையைத் தடுத்து 'பெமிலி ரூம்' என்று எழுதினார்கள். சைவம், அசைவம் என்று பல கடைகளில் இப்படித்தான். பெமிலி என்றால் கல்யாணம் முடித்தவர்கள். காதலர்களோ அதை வேறு மாதிரி விளங்கிக்கொண்டார்கள், நல்ல காலம்!

இதெல்லாம் கடைக்குள் வர முடிந்தவர்களின் கதை. வாசலிலேயே நிறுத்தப்பட்டவர்களும் இருந்தார்கள். யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடைகளில் ஒடுக்கப்பட்ட சாதியினர் மற்றவர்களோடு சமமாக உட்கார முடியாது. அவர்களுக்குத் தேநீர் போத்தலிலோ தகரப் பேணியிலோதான். அந்தச் சாதிகளில் பிறந்த ஒரு புருசனும் பொஞ்சாதியும் கையில் காசு வைத்துக்கொண்டு போனாலும் மேசை கிடையாது. எம். சி. சுப்பிரமணியம் போன்றவர்களின் தலைமையில் சிறுபான்மைத் தமிழர் மகாசபை தேநீர்க்கடைப் பிரவேசத்தை ஒரு போராட்டமாகவே நடத்தியது. உள்ளே போய் உட்கார்ந்து, மற்றவர்கள் குடிக்கிற அதே கிளாஸில் தேநீர் கேட்பது. அவ்வளவுதான் கோரிக்கை.

1957ஐக் கொஞ்சம் கவனியுங்கள். அந்த வருசம்தான் இலங்கையில் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது. சாதியைக் காட்டிச் சாப்பாட்டுக் கடைக்குள் ஒருவரை மறிப்பது குற்றமானது. அதே 1957இல் கடலுக்கு அந்தப் பக்கம், சென்னைத் திருவல்லிக்கேணியில், பெரியாரின் ஆட்கள் முரளி கபே வாசலில் மறியல் செய்தார்கள். பெயர்ப்பலகையில் இருக்கிற 'பிராமணாள்' என்ற சொல்லை எடு என்று. மாதக்கணக்கில் போனது, நூற்றுக்கணக்கானவர்கள் கைதானார்கள். தென்னிந்திய ரயில் நிலையச் சாப்பாட்டு அறைகளில் பிராமணர்களுக்கு என்று தனி இடம் வைத்திருந்ததை ஒழிக்கவே 1941 வரை ஆனது. இங்கே சட்டம் வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், இல்லை. 1971இல் அதைத் திருத்தி இன்னும் இறுக்க வேண்டியிருந்தது.

பிறகு 1983. ஜூலை 26ஆம் திகதி வன்முறை கண்டிக்கு வந்தது. பேராதனை வீதி, காசல் வீதி, கொழும்பு வீதி என்று தமிழர் கடைகள் எரிந்தன. வேறு கடை என்றால் பலகையைக் கழற்றி யாருடையது என்று மறைக்கப் பார்க்கலாம். வாசலில் சாமிப் படமும் சந்தன வாசமும் இருக்கிற சைவக் கடை எதை மறைக்கும்? 2018 மார்ச்சில் திகனவில் முஸ்லிம் கடைகளுக்கும் வீடுகளுக்கும் தீ வைத்தபோது அந்தப் புகை எங்களுக்குப் பக்கத்தில்தான் எழும்பியது. அதனால் 83ஐ யாரும் எங்களுக்கு விளக்கத் தேவையில்லை.

இன்றைக்குக் கண்டியில் ஒரு சைவக் கடைக்குள் போய்ச் சுற்றிப் பாருங்களேன். வெள்ளிக்கிழமை கட்டுகலைப் பிள்ளையார் கோயிலில் கும்பிட்டுவிட்டு வந்த குடும்பம் ஒரு பக்கம். போயா நாளில் மச்சம் மாமிசம் தொடாத சிங்களவர் இன்னொரு பக்கம். ஹலாலா இல்லையா என்று யாரிடமும் விசாரிக்க விரும்பாத நம்ம ஆட்களும் அங்கேதான். 2013இல் ஹலால் சான்றிதழை வைத்து நாடு முழுக்கச் சண்டை பிடித்தபோதும், உளுந்து வடையை யாரும் சந்தேகப்படவில்லை. ஒரு காலத்தில் ஆட்களைப் பிரித்து வைக்கப் பயன்பட்ட அதே 'சுத்தம்' இப்போது எல்லாரையும் ஒரே மண்டபத்துக்குள் கொண்டுவந்து விட்டிருக்கு. நாவலர் இதை எதிர்பார்த்திருக்க மாட்டார்.

மெனுவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜோடியாகப் போகிறவர்கள் நெய்த் தோசையை ஆளுக்கொன்று எடுக்காதீர்கள், ஒன்றைப் பங்கு போடலாம். பழைய பாணிக் கடை என்றால் கேட்காமலேயே ஒரு தட்டு நிறைய வடை கொண்டுவந்து வைப்பார்கள். பயப்பட வேண்டாம், சாப்பிட்டதற்கு மட்டும்தான் பில். கடைசியில் ஒரு அண்ணன் வந்து தட்டில் எத்தனை குறைந்திருக்கு என்று எண்ணிப் பார்ப்பார். ரெண்டு பேரும் பாதி பாதியாகப் பிய்த்துச் சாப்பிட்டது அவர் கணக்கில் ஒரு வடைதான்.