ஆறு பவர் போதும்

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் மரத்தூணுக்கும் பீங்கான் சாடிக்கும் நடுவே எப்போதாவது ஒரு போர்க்கால பைனாகுலர் வந்து சேரும். உடம்பில் அம்புக்குறி பொறித்திருந்தால் அது பிரிட்டிஷ் அரசின் உடைமையாக இருந்தது. பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை பவர்?" ஆறு என்றால் முகம் சுருங்கிவிடுகிறது. பீரங்கிப் படையில் குண்டு விழும் இடத்தைப் பார்த்துச் சொல்லும் வேலை செய்தவன் நான். அந்த ஆறின் அருமை எனக்குத் தெரியும்.

1894-ல் ஜெர்மனியின் சைஸ் நிறுவனம் பட்டகம் வைத்த பைனாகுலரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. நல்ல கண்ணாடிக்கு ஜெர்மனியை நம்பியிருந்த பிரிட்டன் 1914-ல் அதே ஜெர்மனியோடு போருக்குப் போனது. வீட்டிலிருக்கும் பைனாகுலர்களைப் படைக்குத் தாருங்கள் என்று ராபர்ட்ஸ் பிரபு மக்களிடம் கேட்க வேண்டியதாயிற்று. இரண்டாம் உலகப் போரில் தரைப்படையினர் கழுத்தில் பெரும்பாலும் தொங்கியது 6×30, அதாவது ஆறு பவர், 30 மில்லிமீட்டர் முகப்பு; கடற்படைக்கு 7×50.

அதிக பவர் ஏன் கொடுக்கவில்லை? பத்துக்கு மேல் போனால் மூச்சும் நாடித்துடிப்பும்கூடப் படத்தை ஆட்டும். முக்காலி வேண்டும், குண்டு விழும் இடத்தில் முக்காலியைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. பார்வைப் பரப்பும் குறுகும், நகரும் வண்டியைத் தேடுவதற்குள் அது மறைந்துவிடும். வெளிச்சம் இன்னொரு கணக்கு. 30 மில்லிமீட்டர் முகப்பை 6-ஆல் வகுத்தால் 5 மில்லிமீட்டர் ஒளிக்கற்றை கண்ணுக்கு வரும். 10-ஆல் வகுத்தால் 3 தான். எதிரி நகர்வது விடியலிலும் அந்தியிலும். அப்போது அந்த இரண்டு மில்லிமீட்டர்தான் உயிர். ராஜஸ்தான் மணலில் வெயில் ஏறியபின் பெரிய பவர் காட்டுவதெல்லாம் பெரிய கானல்.

எங்களுக்குப் பவரைவிட முக்கியம், கண்ணாடிக்குள் பொறித்த கோடுகள். ஆயிரம் மீட்டர் தூரத்தில் ஒரு மீட்டர் அகலம் ஒரு மில். குண்டு இலக்குக்கு வலப்புறம் எத்தனை மில் தள்ளி விழுந்தது என்று பார்த்துத்தான் திருத்தம் சொல்வோம். முழங்கைகளை மண்ணில் ஊன்றி, முகப்பில் வெயில் பட்டு மின்னாமல் நிழல் கொடுத்துப் பார்க்க வேண்டும். மின்னினால் நாமே இலக்கு.

பர்மா போர் செட்டிநாட்டுக்குத் தூரத்துச் செய்தி அல்ல. 1941 டிசம்பர் 23-ல் ரங்கூனில் குண்டு விழுந்தபின் எங்கள் ஊர்க்காரர்கள் பலர் காடும் மலையும் நடந்தே திரும்பினார்கள். அந்தப் போர்க்காலத்தில் இங்கே போட்ட விமானத்தளத்தின் ஓடுபாதை செட்டிநாடு கால்நடைப் பண்ணைக்குள் இன்னும் கிடக்கிறது. பர்மாவின் மழையில் படையினரின் பைனாகுலர் வில்லைகளுக்குள் பூஞ்சை படர்ந்தது. கடைத்தெருவுக்கு வருகிற பைனாகுலர்களிலும் அந்தச் சிலந்திவலைக் கறையைப் பார்க்கிறேன்.

உங்கள் வீட்டு அலமாரியில் ஒன்று இருந்தால் பித்தளை பளபளக்கத் தேய்க்காதீர்கள்; அம்புக்குறியும் எண்ணும் தேய்ந்துபோகும். ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். யார், எங்கிருந்து கொண்டுவந்தார் என்று தெரிந்த பெரியவர் இருக்கும்போதே ஒரு தாளில் எழுதி அதோடு சேர்த்து வைத்துவிடுங்கள்.