இழவுக் கொட்டகையும் ஊர்ப் பொறுப்பும்: எதியோப்பியாவின் ‘இத்திர்’ சங்கங்கள்

கிராமத்தில் ஒருவன் இறந்தால் அவனைச் சுமப்பார் யாவர் என்னும் வினா எழுவதில்லை. உற்றாரும் உறவினரும் அழையாமலே வருவர். தொழில் தேடி நகரம் புகுந்தவனுக்கோ, தன் பிணத்தை அடக்குவார் இல்லாமற் போவரோ என்னும் அச்சம் பெரிது. எதியோப்பியாவின் தலைநகராகிய அடிஸ் அபாபாவிலே ‘இத்திர்’ என வழங்கும் சங்கங்கள் இவ்வச்சத்தினின்றே தோன்றின.

அடிஸ் அபாபா பழம்பதியன்று. இரண்டாம் மெனெலிக் மன்னர் காலத்தில், 1886 ஆம் ஆண்டளவில் எழுந்தது. கூலிவேலைக்கும் சிறுவணிகத்துக்குமாகப் பல திசைகளினின்றும் மக்கள் அங்கே குடியேறினர். அவருள் குராகே மக்களே இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இத்திரை அமைத்தனர் என்பர் ஆராய்ச்சியாளர் பலர். இத்தாலியர் ஆட்சியிலேதான் (1936–1941) அது வேரூன்றிற்று என்பாரும் உளர். இவ்விரு கூற்றும் தம்முள் மாறுபடுவன என யாம் கருதவில்லை. 1937 பெப்ருவரி 19 இல் இத்தாலிய ஆளுநர் கிராசியானிமீது குண்டு வீசப்பட்டபின், மூன்று நாட்கள் நிகழ்ந்த பழிவாங்கலில் அந்நகர மக்கள் ஆயிரக்கணக்கில் மாண்டனர். எதியோப்பிய அரசு அத்தொகையை 30,000 எனக் கூறிற்று. அத்தகைய காலத்தில் அயலானே துணையாவன்.

இத்திரின் அமைப்பு எளிது. ஒரு தெருவார் மாதந்தோறும் சிறுதொகை செலுத்துவர். உறுப்பினர் வீட்டில் மரணம் நிகழின், ஒருவன் கொம்பூதிச் செய்தி அறிவிப்பான். சங்கத்துக்குரிய கூடாரம், வாங்குகள், கிடாரங்கள் யாவும் வந்துசேரும். உதவிப்பணம் குடும்பத்தார் கையில் ஒப்படைக்கப்படும். அயலார் மூன்று நாட்களளவேனும் மாறிமாறி உடனிருப்பர். வாராதவனுக்குத் தண்டம் உண்டு. துக்கத்துக்கு வாராமைக்குத் தண்டம் வாங்குதல் விந்தையாகத் தோன்றலாம். ஆயின் இத்திர் வேண்டுவது பணத்தை மட்டுமன்று. ஆள் வந்து நிற்றலையும் அது வேண்டுகின்றது.

சமயத்தின் நிலை ஈண்டுக் கருதத்தக்கது. புனிதர் திருநாட்களில் கூடி விருந்தயரும் ‘மஹ்பர்’ என்னும் சங்கங்கள் கிறித்தவர்க்கே உரியன. இத்திர்களுள்ளும் ஒரு சமயத்தார்க்கே உரியன சில உள. எனினும் தெருவாரைக் கொண்டமைந்தவற்றிற் பலவற்றில் கிறித்தவரும் முஸ்லிம்களும் ஒருங்கே உறுப்பினராவர். ஒரு சமயத்தார் அறுத்த இறைச்சியை மற்றச் சமயத்தார் உண்ணாத நாடு அது. அந்நாட்டில், அடக்கம் அவரவர் முறைப்படி நிகழ, துக்கங்காக்கும் கூடாரம் மட்டும் பொதுவாயிற்று என்பது சிறிய செய்தியன்று.

ஹைலி செலாசி பேரரசரின் ஆட்சியில் அரசியற் கட்சிகள் இருந்ததில்லை. எனினும் இத்திரின் உறுப்பினர் தம் தலைவனையும் பொருளாளனையும் தாமே தெரிந்தனர், விதிகளை எழுதினர், கணக்குக் கேட்டனர். அறுபதுகளில் இச்சங்கங்கள் சில, தெருவுக்கு வழியமைத்தல், சிறுபாலம் கட்டுதல், பாடசாலைக்கு உதவுதல் முதலியவற்றிலும் தலைப்பட்டன. பிணத்தைச் சுமக்கக் கூடியவர் ஊரின் பாரத்தையும் சுமக்கத் துணிந்தனர்.

1974 இல் ஆட்சியைக் கைப்பற்றிய இராணுவக் குழுவினர் நகர்ப்பகுதிகளை ‘கெபெலே’ என்னும் அரசாங்க சபைகளின்கீழ்க் கொணர்ந்தனர். இத்திர் மீண்டும் அடக்கச் சடங்கின் எல்லைக்குள் ஒடுங்கிற்று. 1977–78 ஆம் ஆண்டுகளின் ‘செம்பயங்கர’த்தில் கொலையுண்ட இளைஞரின் உடல்கள் தெருவிற் கிடந்தன. அவர்க்காக அழுதலும் தடுக்கப்பட்டது. உடலைப் பெறுதற்குத் துப்பாக்கிக் குண்டின் விலை கேட்கப்பட்டதும் உண்டு. கொம்பு ஊதப்படவில்லை, கூடாரமும் எழவில்லை. கூடியழுவார் நாளை கூடி வினவுவர் என்பதை அவ்வரசு நன்கறிந்திருந்தது போலும்.

அவ்வாட்சி 1991 இல் வீழ்ந்தது. அடுத்து வந்தது எயிட்ஸ் நோய். இளவயதினர் அடுத்தடுத்து மாண்டமையால் நிதி வறண்டது. தவணைப்பணம் செலுத்தவியலாத பரம ஏழைகளோ முதலிலிருந்தே இத்திருக்குப் புறம்பாயினர். இஃது அதன் தீராக் குறை. இறந்தார்க்கெனத் திரட்டிய பணத்தை உயிருடனிருக்கும் நோயாளர்க்கும் அநாதைப் பிள்ளைகட்கும் செலவிடலாமோ என்னும் வழக்கு அப்போது எழுந்தது. முன்னோர் வகுத்த நோக்கம் பிறழும் என்றனர் ஒரு சாரார். இத்திர்கள் பல தம் விதிகளைத் திருத்திப் பராமரிப்பை மேற்கொண்டன. ஏனையவை அடக்கத்தோடு அமைந்தன.