தஞ்சையில் வளைந்த வட்டம்

நாகபுரியிலிருந்து சென்னை வழியே தாயகம் செல்லும் நம்மவர் ஹிங்கன்காட் என்னும் நிலையத்தைக் கடந்தே செல்கின்றனர். சேவாகிராமத்திற்கு அடுத்துச் சிறிது நேரத்தில் வரும் அவ்வூரில் விரைவு வண்டிகள் பல நிற்பதில்லை. நாமும் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிக்கும் முனைப்பில் அதனை ஏறெடுத்தும் பாராது போய்விடுகிறோம். அவ்வூரிலேதான் வில்லியம் லாம்டன் என்னும் ஆங்கிலேய நில அளவையாளர், ஐதராபாத்திலிருந்து நம் நாகபுரிக்கு வரும் வழியில், 1823ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் உயிர் நீத்தார். அங்கேயே அடக்கமும் செய்யப்பெற்றார். அவருக்கும் தஞ்சைப் பெரிய கோயிலுக்கும், சென்ற மாசித் திங்களில் நம் சங்கக் கட்டடத்து மொட்டை மாடியில் நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சிக்கும் தொடர்பு உண்டு. அதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

லாம்டன் 1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் சென்னைப் பரங்கிமலையருகே அடிக்கோடு ஒன்றை அளக்கத் தொடங்கினார். இந்திய நாட்டைக் கோணங்களால் அளந்த பெருமுயற்சி அங்கேதான் தோன்றிற்று. அதற்கென இலண்டனில் வில்லியம் கேரி என்பவர் செய்தளித்த தியோடலைட் என்னும் கோணமானி அரை டன் எடையுள்ளது. அதனை ஏற்றிவந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர் பிடித்து மொரீஷியசுக்குக் கொண்டு சென்றனர். ஆயினும் அறிவுக் கருவி என்று அறிந்ததும் பண்புடன் சென்னைக்கு அனுப்பி வைத்தனர்.

அக்கருவியின் உயிர்நிலை, 36 அங்குலக் குறுக்களவுள்ள ஓர் உலோக வட்டம். வட்டத்தை 360 பாகைகளாகப் பகுப்பர். பாகையில் அறுபதில் ஒன்று கலை. கலையில் அறுபதில் ஒன்று விகலை. அவ்வட்டத்தின் விளிம்பில் ஒரு பாகைக்கு உரிய இடம் ஏறக்குறைய 8 மில்லிமீட்டர். ஒரு விகலைக்கு உரிய இடமோ ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ நானூற்றைம்பதில் ஒன்று! நுண்பெருக்கிகளை வைத்தே அதனைப் படித்தனர்.

1808ஆம் ஆண்டு அளவைப் பணி தஞ்சை வந்தடைந்தது. காவிரிப் படுகையில் குன்றுகள் இல்லை. கோயில்களின் உச்சிகளே குன்றுகளாயின. பெரிய கோயிலின் விமானத்தின்மீது கருவியை ஏற்றுகையில் கயிறு அறுந்தது. கருவி கற்சுவரில் மோதிற்று. வட்டம் வளைந்து உருக்குலைந்தது.

கண்டோர் அனைவரும் இனி அது பயன்படாது என்றே கருதியிருப்பர். லாம்டன் ஒரு கூடாரத்துள் புகுந்தார். பெரிய பலகையொன்றில் அவ்வட்டத்தின் சரியான அளவில் ஒரு வட்டம் வரைந்தார். வளைந்த உலோகத்தை அதன்மேல் கிடத்தி, ஆப்புகளாலும் திருகாணிகளாலும் கப்பிகளாலும் சிறிது சிறிதாக இழுத்து, வரைந்த கோட்டோடு பொருந்தச் செய்தார். வளைந்த ஆரைக்கால்களைச் சிறு மரச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தார். ஆறு வாரங்களில் வட்டம் பெரும்பாலும் பழைய உருவம் எய்திற்று. அவருக்குப் பின்வந்த ஜார்ஜ் எவரெஸ்ட் காலத்திலும் அக்கருவி பணி புரிந்தது.

இவ்வளவை கம்பெனியாரின் ஆட்சிக்கும் துணையாயிற்று என்பதை நாம் மறக்கவில்லை. கயிறு பிடித்த நம் நாட்டுத் தொழிலாளர் பெயர்களை வரலாறு ஏட்டில் எழுதவும் இல்லை. ஆயினும் அக்கூடாரத்தில் ஆறு வாரம் நிலவிய பொறுமை போற்றத்தக்கதே.

மண்ணை அளந்த அதே வட்டம் விண்ணையும் அளந்தது. 1792இல் நுங்கம்பாக்கத்தில் அமைந்த சென்னை வானாய்வுக் கூடத்தில், வட்டம் பொருத்திய தொலைநோக்கி கொண்டு விண்மீன்களின் இடங்களைக் குறித்தனர். அங்குப் பணியாற்றிய சிந்தாமணி இரகுநாதாச்சாரியார் 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். அக்கூடம் கணித்த சென்னை நேரத்தையே இந்திய இருப்புப்பாதைகள் பல்லாண்டு பின்பற்றின. 1906 ஜனவரி முதல் நாள்தான் இந்தியப் பொது நேரம் நடைமுறைக்கு வந்தது. எனவே இருப்புப்பாதைக் குடும்பத்தினராகிய நமக்கு இவ்வட்டம் அயலான பொருளன்று.

இனி நம் மொட்டை மாடிக்கு வருவோம். சங்கத்துப் பிள்ளைகளுக்கென 8 அங்குலத் தொலைநோக்கி ஒன்றும், அதனோடு பழைய டிஜிட்டல் வட்டம் ஒன்றும் வாங்கினோம். இதில் பாகைக் கோடுகள் இல்லை. இரண்டு அச்சுகளிலும் என்கோடர் என்னும் சிறு கருவி உண்டு. அதனுள் சுழலும் தகட்டின் நுண்கோடுகள் ஒளியை மறைத்தும் விடுத்தும் செல்ல, ஒரு பெட்டி அவற்றை எண்ணுகிறது. முதலில் அறிந்த விண்மீன்கள் இரண்டைக் காட்டிவிட்டால், பிறவற்றின் திசையை அதுவே கணித்துக் கூறும். நம்முடையது ஒரு சுற்றுக்கு 8,192 எண்ணுவது. அஃதாவது ஓர் எண்ணுக்கு ஏறக்குறைய 2.6 கலை. விகலை படித்த லாம்டன் வட்டத்தின் முன் இது பருமட்டானதே. எனினும் முழுநிலவின் அகலம் 30 கலை ஆதலின், தேடும் பொருளைக் கண்ணாடிக்குள் கொணர இது போதும்.

முதல் இரவு எதுவும் அகப்படவில்லை. பெட்டி காட்டிய இடமெல்லாம் வெற்று வானம். பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராகக் கீழே இறங்கினர். பழம்பொருளை வாங்கிப் பொதுப்பணத்தை வீணாக்கினோம் என்று அன்பர் சிலர் கூறினர். அக்கூற்று நம்மைச் சுட்டது; வாங்கலாம் என்று கூட்டத்தில் எழுந்து சொன்னவர் நாமே.

மறுநாள் மாலை தஞ்சை நிகழ்ச்சி நினைவிற்கு வந்தது. லாம்டன் முதலில் வரைந்தது ஐயத்திற்கு இடமில்லாத ஒரு வட்டம் அன்றோ? நாமும் தொலைநோக்கியின் அடிப்பலகையில் பென்சிலால் ஒரு கோடிட்டு, சரியாக ஒரு முழுச்சுற்றுச் சுற்றி அதே கோட்டில் நிறுத்தினோம். பெட்டி 360 காட்ட வேண்டும், 351 காட்டிற்று. மீண்டும் சுற்றினோம், இம்முறை 346. ஒவ்வொரு முறையும் ஒரே அளவு குறைந்தால், பெட்டிக்கு நாம் கொடுத்த எண்ணிக்கை தவறு என்று பொருள். முறைக்கு முறை மாறினால், எங்கோ நழுவுகிறது என்று பொருள். கழற்றிப் பார்க்கையில் என்கோடரின் தண்டைப் பற்றும் சிறு திருகாணி தளர்ந்திருந்தது. அதனை இறுக்கியபின் மூன்று முறையும் 360 வந்தது.

மற்றொரு பிழை நம்முடையது. முதல் இரவு ரோகிணியையும் திருவாதிரையையும் காட்டியிருந்தோம். அவ்விரண்டிற்கும் இடைவெளி ஏறத்தாழ 21 பாகையே. குறுகிய அடிக்கோட்டின்மீது பெரிய முக்கோணம் எழுப்பினால் சிறு பிழையும் பெரிதாகும் என்பது நில அளவையின் பழம்பாடம். இம்முறை ரோகிணியையும் மகத்தையும் தேர்ந்தோம். அவற்றிடை 80 பாகை உண்டு.

பின்னர்ப் பூச நட்சத்திரக் கூட்டத்தை நாடினோம். நகர ஒளியில் அது வெறுங்கண்ணுக்குப் புலப்படாது. எண்கள் பூச்சியம் ஆகும்வரை குழாயைத் திருப்பிவிட்டு, முந்திய இரவு முதலில் கீழே இறங்கிய சிறுமியை அழைத்தோம். அவள் ஒற்றைக் கண்ணைப் பொத்திக்கொண்டு நோக்கினாள். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "மாமா, கொட்டிக் கிடக்கு!" என்றாள். அதன்பின் வரிசை படிக்கட்டு வரை நீண்டது. பணம் வீண் என்ற அன்பரும் அவ்வரிசையில் நின்றார்.

கருவி பொய் சொல்லும்போது அதனைத் தூக்கி எறிவது எளிது. எங்கே, எவ்வளவு பொய் சொல்கிறது என்று அளந்தறிவதே அறிவு. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய நமக்கு இதனை உணர்த்தியது 1808இல் வளைந்த ஒரு வட்டம்.

அடுத்த விடுமுறையில் தெற்கே செல்லும் பெற்றோர், ஹிங்கன்காட் வரும்போது பிள்ளைகளைச் சன்னலருகே அழைத்து அவ்வூரைக் காட்டுங்கள். தஞ்சை சென்றால் விமானத்தை அண்ணாந்து பார்த்து, கயிறு அறுந்த கதையையும் கூறுங்கள். தொலைநோக்கி அமாவாசையை ஒட்டிய சனிக்கிழமைகளில் மாடியில் இருக்கும். பென்சில் கோடும் அழியாமல் இருக்கிறது.