மலேசியக் காற்பந்து லீக்: திடல் பணியாளர் சம்பளமும் ஆட்குறைப்பும்

மலேசிய சூப்பர் லீக்கில் ஆட்டக்காரர்களின் சம்பளப் பாக்கி வருடந்தோறும் செய்தியாகும். புல் வெட்டுபவர், ஜெர்சி துவைப்பவர், காவலாளி, அலுவலக எழுத்தர் ஆகியோரின் பாக்கி செய்தியில் வருவது அபூர்வம்.

2014 முதல் தொடர்ந்து சூப்பர் லீக் வெற்றியாளரான ஜொகூர் டாருல் தக்சிம் (ஜேடிதி) நாட்டின் செல்வச் செழிப்பான கழகம். அதை வைத்து லீக் முழுவதையும் எடைபோட முடியாது. மற்றவை பெரும்பாலும் மாநிலக் காற்பந்துச் சங்கங்களிலிருந்து வந்தவை. மாநில அரசின் மானியத்தையும் விளம்பரதாரரையும் நம்பி நின்றவை. டெலிகோம் மலேசியா லீக்குக்கென 2018இல் அறிவித்த எட்டாண்டு, 48 கோடி ரிங்கிட் விளம்பர ஒப்பந்தம் மறு ஆண்டே முறிந்தது. மலாக்கா யுனைடெட், சரவாக் யுனைடெட் இரண்டும் 2023 பருவத்துக்கு உரிமம் பெறவில்லை. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் (மிஃபா) அணியாக முன்பு ஆடிய பெட்டாலிங் ஜெயா சிட்டி 2022 பருவத்தோடு விலகிக்கொண்டது. 2025-26இல் கெடாவுக்கு உரிமம் இல்லை. பேராவும் ஸ்ரீ பகாங்கும் தாமாக விலகின.

கழகம் தடுமாறினால் ஆட்டக்காரருக்கு ஃபிஃபா இருக்கிறது. இரண்டு மாதச் சம்பளம் வராவிட்டால், 15 நாள் கெடு கொடுத்து ஒப்பந்தத்தை முறிக்கலாம். பாக்கி வைத்த கழகத்துக்குப் புதிய ஆட்டக்காரர்களைப் பதியவும் தடை வரலாம். திடல் பணியாளருக்கு அந்தக் கதவு கிடையாது. அவர் போக வேண்டிய இடம் தொழிலாளர் இலாகா. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, சம்பளக் காலம் முடிந்த ஏழு நாளுக்குள் சம்பளம் கைக்கு வர வேண்டும். சட்டம் தெளிவாகவே இருக்கிறது, ஆனால் காலியான கழகக் கணக்கிலிருந்து வசூலிப்பதுதான் பாடு.

ஆட்குறைப்பு இழப்பீட்டுக் கணக்கு அதே சட்டத்தின்கீழான 1980ஆம் ஆண்டு விதிமுறைகளில் உள்ளது. ஓராண்டுக்கு மேல் இரண்டு ஆண்டுக்குள் என்றால் வருடத்துக்கு 10 நாள் சம்பளம், ஐந்து ஆண்டுக்குள் 15 நாள், அதற்கு மேல் 20 நாள். 2025இல் குறைந்தபட்ச சம்பளமாக நிர்ணயிக்கப்பட்ட 1,700 ரிங்கிட் வாங்கும் ஒருவர் ஆறு வருடம் வேலை செய்திருந்தால் 120 நாள் சம்பளம், அதாவது சுமார் 6,700 ரிங்கிட் வரும். ஆட்ட நாளில் மட்டும் அழைக்கப்படும் அன்றாடக் கூலிக்கு இந்தக் கணக்கு எட்டுவதே அரிது. ஒப்பந்தப்படி வேலை செய்யும் ஊழியருக்கு 2018 முதல் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் வேலைக் காப்புறுதித் திட்டமும் உண்டு.

பணம் புரளும் லீக்குகளிலும் வெட்டு கீழிருந்தே தொடங்குகிறது. ஆர்சனல் 2020இல் 55 பணியிடங்களைக் குறைப்பதாக அறிவித்தது. மான்செஸ்டர் யுனைடெட் 2024இல் சுமார் 250 பேரைக் குறைத்து, அடுத்த ஆண்டும் அதையே தொடர்ந்தது. கிரிக்கெட்டில் வேறு பழக்கம்: 2023 ஆசியக் கிண்ணத்தையொட்டி கொழும்பு, கண்டி திடல் பணியாளர்களுக்கு 50,000 டாலர் அறிவிக்கப்பட்டது, இந்தியப் பந்துவீச்சாளர் முகமது சிராஜும் தம் பரிசுப் பணத்தை அவர்களுக்கே கொடுத்தார். கொடை நல்லதுதான், ஆனால் அது சம்பளம் ஆகாது.

மலேசியாவில் துப்புரவு, காவல் வேலைகளுக்குக் குத்தகையாளர் வழியாக வருபவர்கள் ஒன்றை அறிய வேண்டும். குத்தகையாளர் சம்பளம் தராமல் போனால், வேலை கொடுத்த நிறுவனமும் அதிகபட்சம் தொடர்ச்சியான மூன்று மாதச் சம்பளத்துக்குப் பொறுப்பு. சம்பளம் வர வேண்டிய நாளிலிருந்து 90 நாளுக்குள் வழக்கு பதிவாக வேண்டும்.